ஒன்று முதல் பதினைந்து வரை

ஒன்றாம் தேதி தொடங்கி பதினைந்து வரை
ரீடிங்.
அது கழிந்தால் நான் கொஞ்சம் மனுஷி.

மாசியில் மட்டும் இந்தக் கணக்கு உதவாது.
இலை கொட்டிய ரப்பர்
செம்புத் தளிர் விட்டுக்
காம்பு நுனியில் இனிப்பு கசியத் தொடங்கினால்
ஈக்கு லீவு இல்லை.
மரத்துக்கு வெட்டில்லாத மாதம்,
விடியலில் ஒரு மணிநேரம் மிச்சம் என்றிருந்தேன்.
அதை ஈ தின்றது.

நாலரைக்கு எழும்பி
ஆட்டுக்குப் பலாக்குழை ஒடித்துப் போட்டு
அடுப்பில் மரச்சீனி வேக
முப்பத்தொரு பெட்டியின் கால்களுக்கும்
சிரட்டையில் தண்ணீர் ஊற்றி வருவதற்குள்
பெனிலா பாதித் தலையை
அவளே பின்னியிருப்பாள், கோணலாக.

எட்டரை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள்
"மெழுகுதிரி மணக்குதே,
கோயிலுக்குப் போயிட்டா வாறிய?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
என் சேலை அது. விளக்க நேரமில்லை,
பனச்சமூடு வந்துவிட்டது.

சந்தை தாண்டினால் கேரளம்.
என் ஈக்கள் அங்கே போய்க் குடித்துவிட்டு
இங்கே வந்து வைக்கின்றன.
அங்கே யூனிட்டுக்கு வேறு விலை.

வேலையை விடு என்கிறான் தம்பி.
பெட்டியை விடுங்கள் என்கிறார் ஏ.ஈ.
இருவர் வீட்டு அலமாரியிலும்
என் தேன் இருக்கிறது,
இருவரும் இன்னும் காசு தரவில்லை.

எட்டாம் தேதி, மதியம்.
ஞானசிகாமணி வீட்டு வாசலில்
கம்பு நுனியில் துணி சுற்றி
மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார் அவர்.
"மீட்டர் பெட்டியத் தொறக்காதீங்க,
உள்ள ஈ."

திறந்தேன்.
கண்ணாடி தெரியவில்லை,
எண் தெரியவில்லை.
நாலு அடை, பழுப்பும் வெள்ளையுமாய்,
சுற்றிலும் உடம்புகள்,
இருநூற்று முப்பது வோல்ட்டின் மேல்
குடியிருக்கிற குடும்பம்.
"அந்தி வரை பொறுங்க அண்ணாச்சி" என்றேன்.
"எதுக்கு?"
"பந்தம் பிடிச்சா வயர் பத்தும்."
அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

கையிலிருந்த கருவியில்
'கதவு பூட்டியுள்ளது' என்று அழுத்தினேன்.
பதினாறு வருட சர்வீஸில்
திறந்த கதவின் முன் நின்று
முதல் தடவை.

மிச்சம் நாற்பத்திரண்டு வீடு.
மூன்று நாய். ஒரு இடத்தில் மோர்.
ஒரு இடத்தில், போன தடவை பில் ஏறினதற்கு
என்னை ஏறினார்கள்.

ஆறே முக்காலுக்கு
ரசலையன் ஸ்கூட்டரில் வெறும்பெட்டியோடு வந்தார்.
ஃபியூஸைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.
வீடு இருண்டது, உள்ளே சீரியல் பாதியில் நின்றது,
யாரோ முனகினார்கள்.
டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டி இவர் பிடிக்க
அடையை ஒவ்வொன்றாய் அறுத்து
வாழைநாரால் சட்டத்தில் கட்டினேன்.
மூன்றாவது அடையில் ராணி,
நீண்ட வயிற்றை இழுத்தபடி,
அவசரமே இல்லாமல்.

நாலாவது அடை வந்ததும்
அடியில் கண்ணாடி.
மெழுகைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.
நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.
இவரிடம் சொன்னேன், மறந்துவிடக் கூடாதென்று.
இவர் ஞானசிகாமணியிடம் சொன்னார்.
"போன மாசத்த விட கம்மிதான்" என்றார் அவர்,
பந்தத்துக் கம்பைப்
பயற்றுக்கொடிக்கு ஊன்றியபடி.

திரும்பும் வழி முழுக்க
மடியில் பெட்டி உறுமியது,
ஓவர்லோடு ஏறின ட்ரான்ஸ்ஃபார்மர் போல.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
பயப்பட வேண்டிய சத்தம் எது,
இது எது என்றும்.

வீட்டில் ஆடு கத்திக்கொண்டிருந்தது.
பெனிலா தண்ணீர் வைத்திருந்தாள்,
ஆட்டுக்கு எட்டாத இடத்தில்.
வாளியை நகர்த்திவிட்டு
முப்பத்திரண்டாவது பெட்டியை வைத்து
நாலு சிரட்டை தேடினேன்.
மூன்றுதான் கிடைத்தது.
நாலாவது காலுக்கு
என் மதியச் சாப்பாட்டு டப்பாவின் மூடி.

படுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது,
ஃபியூஸ் இன்னும் என் மடியில்.