நூற்றுப் பதினான்கு

புதன் மாலைக்குள் நாற்பத்தொரு கதவுகளுக்குப்
பேர் மாற்றிவிட வேண்டும்.
பலகைகள் அவர்களுடையவை.
திருப்புளி என்னுடையது.

தலைமை வளாகத்திலிருந்து ஐந்து மணி நேரம் காரோட்டி வந்தவர்
திரையில் பெட்டிகளைக் காட்டினார்,
பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி.
யாருக்கும் வேலை போகாது,
யார் யாருக்குப் பதில் சொல்வது என்கிற
திசைதான் மாறுகிறது என்றார்.
திசை என்றதும் நாங்கள் சன்னலைப் பார்த்தோம்.
மெஸ்கீட் முட்புதர், அதற்குப் பின்னால் ஆறு,
ஆற்றுக்கு அந்தப்பக்கம் மெக்ஸிகோ.
இந்தப்பக்கம் எண்பது மைலுக்கு
ஒரேயொரு பிரசவ அறை இருந்தது.
மார்ச்சில் அதையும் மூடியாயிற்று.

வாசல் முகப்புக்கு மட்டும் கிரேன் வந்தது.
இரும்பு எழுத்துகளை இறக்கியபோது
உள்ளே கிராக்கிள் கூடுகள்:
காய்ந்த புல், குளிர்பான உறிஞ்சுகுழல்,
முகக்கவசத்தின் நாடா.

எனக்குத் துளைகள்தான் பிரச்சினை.
பழைய பலகைக்கு நான்கு, புதியதற்கு இரண்டு,
எதுவும் எதன்மேலும் பொருந்தவில்லை.
‘சுகாதாரக் கல்வி’யைக் கழற்றி
‘மக்கள்நல உத்திகள் மற்றும் ஒருங்கிணைப்பு மையம்’ வைத்தால்
கதவைவிட்டு வெளியே நீட்டுகிறது,
அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்ட சிறுவன் மாதிரி.
பழைய துளைகளில் மக்கு அப்பினேன்.
காய்ந்ததும் வெளுத்து
ஊசி போட்ட தழும்புகளாகத் தெரிந்தன.

பொய் சொல்ல மாட்டேன், ஒரு பலகை எனக்குப் பிடித்திருந்தது.
‘மருத்துவச்சிப் பட்டப்படிப்பு, முதலாம் ஆண்டு.’
என் தங்கை மகள் ஸொராய்தா இனி
சான் அந்தோனியோவில் யார் வீட்டு சோபாவிலோ
படுத்துப் படிக்க வேண்டியதில்லை.
அதை மட்டும் ரசமட்டம் வைத்துப் பார்த்து,
தட்டி, மறுபடி பார்த்துப் பூட்டினேன்.

பிறகு நூற்றுப் பதினான்கு.
வியாழக்கிழமை அறை. மூன்று நாற்காலி,
சர்க்கரை பார்க்கும் மெஷின், புண்வைத்த ரப்பர் பாதம் ஒன்று.
செவிலி ஒஃபெலிண்டா மாணவர்களுக்குச் சொல்வாள்:
‘வணக்கத்துக்கு அடுத்த வார்த்தை, ஷூவைக் கழற்றுங்க.’
இனி அது ‘சிந்தனைக் கூடம்’, எண் பி-1.07.
வியாழக்கிழமை எந்தப் பெட்டிக்குள் போயிற்று என்று கேட்டேன்.
அடுத்த பருவத்தில் பார்க்கலாம்,
இணையத்தில் முன்பதிவு வரும் என்றார்கள்.

எலெயூதெரியோவுக்கு இணையம் கிடையாது. எழுத்தும் கிடையாது.
வெங்காயக் காட்டில் முப்பது வருஷம்,
இடது காலில் மிச்சம் மூன்று விரல்.
இரண்டு கம்பம், கவிழ்த்துப் போட்ட ஒரு நாற்காலி:
114 என்பதை அவர் அப்படித்தான் படிப்பார்.
ஏழு நாற்பதுக்கு இறக்கிவிடும் வேன்
நாலு மணிக்குத்தான் திரும்பி வரும்.

பலகையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
புதன் ராத்திரி தாழ்வாரத்தில் நின்றேன்.
பட்டியலை விரல் வைத்து எண்ணினேன். நாற்பத்தொன்று.
என் துடைப்ப அறை அதில் இல்லை.
பழைய பட்டியலிலும் இருந்ததில்லை.
பத்து வருஷமாகப் பேரில்லாத கதவு,
ஒரு துளைகூட இல்லாத மரம்.
நான்கு திருகாணி.
கண்ணளவே போதுமாயிருந்தது.

காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார்.
கண்ணாடிக் கூடத்தைத் தாண்டினார்,
உள்ளே பஞ்சு மூட்டைகள்மேல் சாய்ந்து
யாரோ சிந்தித்துக்கொண்டிருந்தார்கள்.
கவிழ்ந்த நாற்காலியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.
கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து
ஷூ முடிச்சை அவிழ்த்தபடி,
‘அறையைச் சின்னதாக்கிட்டாங்களே’ என்றார்.

ஒஃபெலிண்டா பதில் சொல்லவில்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
விரலிடுக்குகளை விலக்கி விலக்கிப் பார்த்தாள்.
அவள் பின்னால், துடைப்பங்களுக்கு நடுவே நான்கு மாணவர்கள்,
வைத்து எழுத இடமில்லாமல்
ஒருவர் முதுகில் ஒருவர் தாளை வைத்து
எழுதிக்கொண்டிருந்தார்கள்.