வாத்தியக்காரர் எண்ணிக்கை

வூச் என்றால் எங்கள் மொழியில் படகு.
ஊரில் ஆறு கண்ணில் படாது.
இருந்ததையெல்லாம் ஆலைகளுக்காக
மண்ணுக்குள் தள்ளி மூடிவிட்டார்கள்.
"காதை வைத்துப் பார், ஓடுகிறது" என்று
நடுத்தெருவில் குப்புறப் படுத்தவர் லுடோமிர்.
டிராம் மணியடித்துக்கொண்டே நின்றது.
ஓட்டுநர் திட்டியதையும்
பதிவு செய்துகொண்டார்.

அறுபத்து மூன்றில் அவருக்கு டேப் வெட்டும் வேலை எனக்கு.
சவர பிளேடு, மெழுகுப் பென்சில், ஒட்டுப் பட்டை.
ஒரு நொடி என்பது முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
காலம் எனக்கு இன்னும் அப்படித்தான் தெரியும்:
அவரை அடக்கம் செய்து இன்றோடு ஒன்பது நாள்,
கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர்.

நான்கு ஆஸிலேட்டர் பெட்டிகள்.
ராணுவம் கழித்துப் போட்டதைக்
காயலான் கடையில் எடைக்கு வாங்கியிருந்தார்.
சூடேற இருபது நிமிடம் வேண்டும்.
அதற்குமுன் சுருதி கேட்டால் பொய் சொல்லும்.
அவற்றை வைத்து
வேற்றுக் கிரகத்தில் பனி பெய்யும் ஓசை செய்தார்.
பனிக்கு ஏது ஓசை என்றார் இயக்குநர்.
"இங்கே கிடையாது" என்றார் லுடோமிர்.

சம்பளப் படிவத்தில் ஒரு கட்டம்:
வாத்தியக்காரர் எண்ணிக்கை.
உண்மையை எழுதினார், பூஜ்யம் என்று.
பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே ஐயா,
கணக்காளர் ஒல்ஷெவ்ஸ்கா படிவத்தைத் திருப்பித் தந்தாள்.
கெட்டவள் அல்ல.
பேனாவையும் சேர்த்துத்தான் நீட்டினாள்.

நின்ற வாக்கில் நால்வரைப் பெற்றெடுத்தார்.
ரூஃபின் மஜூர், செல்லோ.
வயலினுக்கு இரண்டு அண்ணன் தம்பிகள்.
ஃபாபியான் க்வோஸ், க்ளாரினெட்.
பிறந்த தேதி?
பெட்டியின் பின்தகட்டில் பொறித்திருந்ததைச் சொன்னார்,
நாற்பத்தொன்று, மார்ச்.
"சின்னப் பையன்" என்றாள் ஒல்ஷெவ்ஸ்கா,
முத்திரையை ஊதிக் காயவைத்தபடி.

பணம் வந்தது. ஒரு வாரம் ஹெர்ரிங் மீனும் வோட்காவும்.
அதன்பிறகு அரசாங்கம் அவர்களை விடவில்லை.
மஜூருக்குத் தடுப்பூசி அட்டை.
அண்ணன் தம்பிகளுக்குக் கூட்டுக் குடியிருப்பில் ஓர் அறை,
பதினோராவது வரிசை எண்.
க்வோஸுக்கு ராணுவ அழைப்பு.
"இப்போதுதான் அங்கிருந்து வந்தான்"
என்று பதில் எழுதிப் போட்டார் லுடோமிர்.

ஒவ்வொருவராய்ச் செத்தும் போனார்கள்,
வால்வு கிடைக்காமல், கூரை ஒழுகி.
மஜூருக்குள் கண்டென்சர் வெடித்தது.
சங்கத்துக்கு முறைப்படி தெரிவித்தார்:
இதயம்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில்
தன் நாடித்துடிப்பைச் சொல்லும் கருவி
பக்கத்துக் கட்டிலின் கருவியோடு
கால் சுரம் பிசகுகிறது என்று நர்ஸிடம் சண்டை.
இரண்டும் உரசுவதைக் கேட்டுக்கொண்டு
எப்படித் தூங்க?
மூன்றாம் நாள் இரவு
பக்கத்துக் கட்டில் காலியானது.
தூங்கினார்.

அடக்கத்தின்போது பனி பெய்தது.
பேச்சு, பித்தளை ஊதல், இன்னொரு பேச்சு.
எல்லாரும் போனபின்
கொஞ்ச நேரம் நின்று கேட்டேன்.
இங்கே கிடையாதுதான்.

இன்று காலை தபால்காரி மணியடித்தாள்.
கலைஞர் சங்கத்தின் பதிவுத் தபால்:
மதிப்பிற்குரிய ஃபாபியான் க்வோஸ் அவர்களுக்கு,
தங்கள் குழுத் தலைவரின் மறைவுக்கு வருந்துகிறோம்.
பதிவேட்டின்படி அவ்விசைக்குழுவில்
எஞ்சியிருப்பவர் தாங்கள் ஒருவரே.
நினைவுக் கூட்டத்தில்
சில வார்த்தைகள் பேச இயலுமா?

கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
அவர் சமையலறையில்தான் இருக்கிறார்,
ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில்.
கடிதத்தை மேலே வைத்து
விசையைத் தட்டினேன்.
பச்சை விளக்கு தயங்கி எரிந்தது.

இருபது நிமிடம் ஆகும்.
தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.