மூன்றாவது தட்டு

பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறினால்
பையை மடியில் வைக்க மாட்டேன்.
பக்கத்தில்தான்.
"பைக்கும் சேத்துக் காசு" என்பார் டிரைவர்.
கொடுத்துவிடுவேன்.

விசேஷ வீடுகளில் கட்டிப்பிடிக்கும் பெரியம்மாக்களின் கைக்குள்
மரக்கட்டையாய் நிற்பேன்.
திமிரு என்றார்கள்.
திமிராகவும் இருக்கலாம்.

ஏழு மாதத்தில் வந்தவள்.
உசிலம்பட்டியிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வரும் வழியில்
செக்கானூரணி தாண்டும்போதே
அம்மாவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டதாம்.
ஒண்ணேகால் கிலோ.
முப்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டி.
தொட்டதெல்லாம் ஊசி, டியூப்,
கேட்காமல் நுழைந்த ரப்பர் கையுறை.

ஒச்சம்மாவைத் தொட விடவில்லை.
தினம் பத்து நிமிஷம் நின்று
சுண்டுவிரல் நகத்தால் கண்ணாடியில்
ரெண்டு தட்டு.
நான் காலை உதறினால் மட்டும்
மூன்றாவது.

இதெல்லாம் உடம்புக்கு ஞாபகம் இருக்குமா?
"இருக்கலாம்" என்று சொல்லி
டாக்டரம்மா பேனாவை மூடினார்.
அந்த 'லாம்'மைப் பிடித்துக்கொண்டு
பழங்காநத்தம் வரை நடந்தே வந்தேன்.

சோணைமுத்துவிடம் ஒரு வருஷம் சொல்லவில்லை.
இருட்டில் கை வரும்;
நான் சுவரோடு சுவராவேன்.
அவன் திரும்பிப் படுக்கும் சத்தம்
கையைவிடக் கனமானது.

அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும்.
கரண்ட் போன ஒரு ராத்திரி,
புழுக்கத்தில்,
கட்டில் சட்டத்தில் நகம்:
டக், டக்.
பிறகு ஒன்றுமில்லை. காத்திருந்தான்.
கொசு பாடியது. பக்கத்து வீட்டில்
யாரோ விசிறிக்குப் பதில் காலண்டரை வீசினார்கள்.

வெகுநேரம் கழித்து
காலை உதறினேன்.

ஒன்றும் கேட்கவில்லை.
மூன்றாவதை
அம்மா அவனிடம் சொல்லவில்லை போல.