பன்னிரண்டு அங்குலச் சதுரம்

இடைவேளை பதினைந்து நிமிடம்.
வின்னிபெக், தபால் பிரிக்கும் கூடத்தின் சாப்பாட்டறை.
கையுறையைப் பல்லால் கழற்றி
கைபேசியைச் சோற்றுப்பெட்டியில் சாய்த்து வைக்கிறேன்.
ஏலம் முடிய இன்னும் நாற்பது நொடி.

ஒடெல் மார்ச்பேங்க்ஸ், டெனர் சாக்ஸஃபோன்.
ஐம்பத்தேழில் வந்த முதல் அச்சு, மோனோ.
உறையின் கீழ்விளிம்பு இரண்டங்குலம் பிரிந்திருக்கிறது.
பின்னட்டையில் யாரோ கோப்பி வைத்த வட்டம்.
வாசிப்பு முடிந்து முள் சும்மா சுற்றுகிற வெறுங்கரையில்
கையால் கீறிய எண்கள்.
படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
கண் எரியும்வரை பார்த்துவிட்டேன்:
கடைசி எழுத்து ஏ.
பி என்றிருந்தால் திரும்பியும் பார்க்கமாட்டேன்.

"உது இணையத்தில சும்மா கிடக்குதே" என்பார் நவரூபன்.
கிடக்குது. கேட்டும் இருக்கிறேன்.
வெந்நீரில் அலசிய மாதிரி.
முதல் அச்சில், ஊதுமுன் அந்த மனிதர்
மூச்சை இழுப்பது கேட்குமாம்.
அந்த மூச்சுக்குத்தான் காசு.
விசர் என்று நீங்களும் சொல்லலாம்.

பன்னிரண்டு நொடி.
நானூற்றுப் பத்து டாலரில் நிற்கிறேன்.
எதிரே ஓர் ஆள், எப்போதும் அதே ஆள்:
எல்லில் தொடங்கி ஈயில் முடிகிற பெயர்,
நடுவே மூன்று நட்சத்திரம்.
விளக்கடிப் பல்லி மாதிரி அசையாமல் கிடந்து
கடைசி மூன்றாம் நொடியில் நாக்கை நீட்டும்.

நீட்டியது.
நானூற்றுப் பதினைந்து.

சோறு ஆறிப்போயிருந்தது.
யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டான் றோமெல்.

பத்தாம் நாள் இரவு, வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பட்டையில் ஊர்ந்து வருகிறது ஒரு சதுரம்.
கண் பார்க்குமுன் கைக்குத் தெரிந்துவிட்டது.
பீட்சா பெட்டியைவிடப் பாரம்,
படச்சட்டத்தைவிட மெலிவு,
தட்டினால் நடுவில் ஒலிக்காது.
அனுப்புநர்: டுலூத், மினசோட்டா.
சுங்கத்தாளில்: பழைய இசைத்தட்டு ஒன்று,
பெறுமதி பத்து டாலர்.
பத்தாம்!
எனக்குத் தெரியாத கணக்கா.
பெறுநர்: லவாலே, செயின்ட் போனிஃபஸ்.
எல். ஈ.
மூன்று நட்சத்திரமும் உதிர்ந்து
ஒரு கதவிலக்கம் ஆனது.
ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான்,
பஸ்ஸில் பதினெட்டு நிமிடம்.

ஒரு மூலை நசுங்கியிருந்தது,
டுலூத்திலா எங்கள் கையிலா, யார் கண்டது.
கூண்டுவண்டிக்குள் எறிவதுதான் இங்கே முறை,
நிமிடத்துக்கு இருபது பொதி.
எறியவில்லை.
ஆனால், பொய் சொல்வானேன்,
பக்கத்தில் நுனாவுட் போகிற கூண்டு
திறந்தபடி நின்றது.
அதில் விழுந்தால்
பனிக்கரடி நாட்டைச் சுற்றிவிட்டு
மாசி கடைசியில் வந்து சேரும்.
கை அந்தப் பக்கம் ஒரு சாண் போயும் விட்டது.

உறையின் விளிம்பு, கோப்பி வட்டம்,
அந்தக் கடைசி எழுத்து ஏ.
இந்தக் குளிரில் தட்டு
அப்பளம் மாதிரி இருக்கும்.
வாங்கிய கையோடு பிரித்து
சூடான அறையில் முள்ளை வைத்தால்?

தொப்பிக்குள் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன்.
பொதியின் அடிப்பக்கம், சிறிய எழுத்தில்:
"குளிருக்குள்ளால் வருகிறது.
நாலு மணி நேரம் அறையில் வைத்துப் பிறகு பிரிக்கவும்."
தபாலில் கிறுக்குவது குற்றம், வேலை போகும்.
பெயர் போடவில்லை.
மூன்று நட்சத்திரம் மட்டும் போட்டேன்.

அடுத்த வெள்ளி, அதே சாப்பாட்டறை.
ஒரு ட்ரம்பெட்காரரின் தட்டு.
முதல் அச்சு, உறை சுத்தம்.
லவாலேயும் வந்திருந்தார்.

அவர் நாலு மணி நேரம் பொறுத்தாரா,
மூச்சு கேட்டதா,
கேட்க வழியில்லை.

மூன்றாம் நொடியில் நாக்கு நீண்டது.
நான்
இரண்டாம் நொடிக்குக் காத்திருந்தேன்.