நாலாவது குழல்

நிலாவெளி வீதி, ஆறாம் கட்டையடியில்
நாலாவது பிஸ்டன் உருகிப்போயிற்று.
மற்ற மூன்றும் சுகம்.
கழற்றினால் அதன் தலையில்
ஐந்து ரூபாய்க் குத்தியளவு பள்ளம்,
ஓரம் மெழுகாய் வழிந்து உறைந்திருந்தது.

'பெற்றோல் பிழை' என்றான் ஹஸீப்.
கிண்ணியாவில் பாதிக் கார்கள் அவன் கையால் பிழைத்தவை,
ஆனாலும் நான் தலையாட்டவில்லை.
சீனக்குடா மா ஆலையில் எனக்கு வேலை.
பதினொரு வருசமாய்க்
கோதுமையைக் காற்றால் தள்ளுகிறவள்.
நீளக் குழாயொன்றில் வரிசையாய் நாலு வாய் வைத்தால்
முதல் வாய்களை எட்டியும் பாராமல் ஓடும் காற்று
கடைசிச் சுவரில் முட்டிக் குவியும்.
கடைசி வாய்க்கே பெரும்பங்கு.
பெற்றோலோ எல்லாருக்கும் ஒரே அளவு.
ஊட்டி ஊட்டியே எரித்திருக்கிறேன்
என் நாலாவதை.

ஆகவே புது மெனிபோல்ட்.
மாச்சாக்குக் கடதாசியில் இரண்டு படம் கீறினேன்.

ஒன்று:
பெரிய பெட்டி, சாண்கூட இல்லாத நேர்க்குழல்கள்.
ஏழாயிரம் சுற்றில் அது அலறப்போகிற அலறலைக்
கோணேசர் மலை திருப்பிச் சொல்லும்
என்று நினைக்கவே உள்ளங்கை வியர்த்தது.

மற்றது:
சின்னப் பெட்டி, நீண்டு வளைந்த குழல்கள்.
இரண்டாயிரத்தைந்நூறிலேயே டேர்போவைத் தட்டி எழுப்பும்,
ஆறாயிரத்தில் மூச்சு வாங்கும்.
பார்க்க அழகில்லை.
நாலு தும்பிக்கை ஒரே வாளிக்குள்
தண்ணி தேடுகிறமாதிரி.

'குட்டைதான்' என்றான் ஹஸீப்.
'டேர்போ இருக்க நீளம் எதுக்கு?
அமுக்கி ஏத்துற காத்துக்கு வழி சுருங்கினா நல்லது.'
பாதி உண்மை.
பாதி உண்மையோடு வாதாடுவதுதான் கஷ்டம்.

ஒரு கிழமை குறித்துப் பார்த்தேன்,
கொப்பியும் பேனையும் பக்கத்து இருக்கையில்.
உப்புவெளியிலிருந்து சீனக்குடா,
இரவு வேலை முடிந்து திரும்ப உப்புவெளி.
சோதனைச் சாவடி. வேகத்தடை.
டவுனில் நடுறோட்டில் படுத்திருக்கும் புள்ளிமான்கள்,
கோர்ன் அடித்தாலும் எழும்பாது.
சனிக்கிழமை கந்தளாய் வரைக்கும், அங்கே யானை.
ஆறாயிரத்துக்கு மேல் ஊசி போனது
ஏழு நாளில் இரண்டு தரம்.
அதிலொன்று, பின்னால் வந்த வெள்ளைக் காரில்
யார் இருந்தார் என்பதற்காக.
அதைக் கொப்பியில் எழுதவில்லை.

ஞாயிறு ஓர்ஸ் ஹில்லில் ஏறி நின்றேன்.
கச்சான் கண்ணை எரித்தது.
வெளிக்குடா குதித்துக்கொண்டிருந்தது.
ஒடுங்கிய வாயால் உள்ளே நுழைந்ததும்
அகன்று, ஆழ்ந்து, அடங்கி
மூலைமுடுக்கு எல்லாவற்றையும்
ஒரே மட்டத்தில் தொடுகிறது தண்ணீர்.
பெட்டிக்கு வேலை அவ்வளவுதான்.

இறங்கி வந்து திரும்பக் கீறினேன்.
குழல் நீளம்.
வாய்கள் நாதஸ்வர அணசுபோல் விரிந்து.
பெட்டி முன்னால் அகலம்,
நாலாவதிடம் போகப் போகச் சரிந்து ஒடுங்கும்.
கடைசி ஆளுக்கு அளந்து கொடுக்கும் வடிவம்.
கீறும்போது கொடுமையாய்த்தான் தெரிந்தது.

பாலையூற்றில் ஒட்டித் தந்தவன் டெரில் ஒக்கர்ஸ்.
அலுமினியத்தைத் திட்டித் திட்டியே ஒட்டினான்:
'வளைஞ்சு வளைஞ்சு போகுது அக்கா,
இது உலோகமா பப்படமா?'
முடிந்ததும் ஓட்டைகளை அடைத்து
ஒரு லீற்றர்ச் சோடாப் போத்தலால்
தண்ணி வார்த்து அளந்தோம்.
ஒன்றும் காலும், அதற்குமேல் ஒரு மிடறு.
அந்த மிடறு என் கணக்கில் இல்லை.

பதினாலு இறாத்தல் அமுக்கத்தில்
முந்நூறு கிலோமீற்றர் ஓடியபின்
பிளக் நாலையும் கழற்றி
பொனற் மேல் வரிசையாய் வைத்தேன்.
மூன்று, வறுத்த மல்லி நிறம்.
நாலாவதும் அதேதான்,
அல்லது வெயிலுக்கு அப்படித் தெரிகிறதா,
கொஞ்சம் வெளிறல்.

ஹஸீப் எடுத்துப் பார்த்தான், ஊதினான்,
ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்தான்.

குட்டைக் குழல் கீறிய கடதாசி
டாஷ்போட்டுக்குள்
இன்னும் மடித்தபடி இருக்கிறது.