பஸ் இரண்டு, கருவி ஐந்து

விடியற்காலை ஐந்தே கால். ஓல் கலோவில்
மூச்சு விட்டால் அது முகத்துக்கு முன்னாலேயே நிற்கிறது.
பால் கேன்களோடு பத்தொன்பது பேர் வரிசையில்.
தராசில் பிழையில்லை,
அதன் நெற்றியில் சிவப்பாய் 23.4 எரிகிறது.
கணினிக்குத்தான்
அப்படியொரு தராசு இருப்பதே தெரியவில்லை.

போன மாதம் வரை வேறு சிஸ்டம்.
உரிமம் முடிந்தது; புதுப்பிக்க
கறவை மாட்டில் பாதி விலை கேட்டார்கள்.
எந்தப் பாதி என்றார் செயற்குழுவில் ஒருவர்,
முன்பாதி தின்னும், பின்பாதிதான் கறக்கும்.
சிரித்து முடித்து என்னைப் பார்த்தார்கள்.
நான் ந்யாகியோ, சங்கத்துக் கணக்கர்.
சனிக்கிழமை இரவு இலவச சிஸ்டத்தை ஏற்றினேன்:
யாரும் திறந்து பார்க்கலாம்,
யாரும் கைவைக்கலாம் என்று எழுதியிருந்தது.
திரை வந்தது.
பிரிண்டர் இரண்டு முறை இருமிவிட்டு வந்தது.
தராசு வரவில்லை.

கட்டளை தட்டினால் பதில் மட்டும் ஒழுங்காக வருகிறது:
பஸ் 2, கருவி 5,
அப்புறம் நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, நான்கு எழுத்து.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமை.
"பஸ் இருக்கு, டிரைவர் இல்லை" என்றேன்.
"நக்குரு ஸ்டாண்டில் தினமும் அதே கதைதான்"
என்றான் கெரெரி, கேனை இறக்காமலே.

கேபிளின் மேல் அச்சிட்டிருந்த கம்பெனிக்குப் போன் செய்தேன்.
இருபது நிமிடம் புல்லாங்குழல்.
பிறகு ஒரு பெண், தேன் குரலில்:
"உங்கள் சிஸ்டத்தை நாங்கள் ஆதரிப்பதில்லை, மேடம்."
நான் என்ன அநாதையா, ஆதரிக்க?
வைத்துவிட்டேன்.

பிளேடால் கேபிளின் கழுத்தைப் பிளந்தேன்.
வெளியே ஒரு பேர், உள்ளே சிப்பில் வேறு பேர்.
போலி.
அந்தப் போலியும் இன்னொன்றின் போலி.
அதற்குப் பிறகு அந்த எட்டு எழுத்தை மட்டுமே நம்பினேன்.

தேடத் தேடப் பட்டியல்கள்.
முன்பின் தெரியாதவர்கள்
தங்கள் தங்கள் பெட்டிகளைச் சோதித்து எழுதிய வரிகள்:
ஒலி வரும், மைக் வராது.
மூடினால் தூங்கும், எழுப்பினால் எழாது.
வேலை செய்கிறது, ஏனென்று தெரியாது.
சிலவற்றுக்கு எதிரே வெறும் கேள்விக்குறி.
இத்தனை நேர்மையான எழுத்தைச்
சங்கத்தின் ஆண்டறிக்கையில்கூட நான் பார்த்ததில்லை;
அதை எழுதுவதே நான்தான்.

அதுவரை நோட்டில் பென்சிலால் பால் எழுதினோம்.
ஒரு நாள் கூட்டலில் இருபது கிலோ காணாமல் போனது.
லாரிக்காரன் என்னைப் பார்த்தான்,
நான் பென்சிலைப் பார்த்தேன்.

மூன்றாம் இரவு அந்த எட்டு எழுத்து கிடைத்தது.
பழைய கோப்பு, நூற்றுப் பன்னிரண்டு வரி.
தலையில் ஒரு குறிப்பு:
எலாடியோ, பராகுவே. என் மாமனாரின்
யெர்பா இலைத் தராசுக்காக எழுதியது.
நடுவில் இன்னொன்று:
இங்கே நாற்பது மில்லிவினாடி காத்திருக்கவும்.
காரணம் எனக்கும் தெரியாது.
தயவுசெய்து நீக்காதீர்கள்.

நீக்கவில்லை.
தொகுத்தேன். ஏற்றினேன். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
ஒன்றுமில்லை.
மறுபடி பிடுங்கி, மறுபடி செருகினேன்.
திரையில் 0.0.
வாழ்நாளெல்லாம் கணக்கெழுதுகிறேன்,
ஒரு பூஜ்யத்தைப் பார்த்துக் கை தட்டியது அன்றுதான்.

காலையில் கெரெரியின் கேன் முதலில் ஏறியது.
தராசில் 18.7. திரையில் 18.7.
"இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டதா?" என்றான்.
ஆமாம் என்றேன். எண் வருவதற்குள்
ஒரு சின்னத் தயக்கம் இருந்தது,
அவனுக்குத் தெரிந்திருக்காது.
கடலுக்கு அந்தப் பக்கம்
ஒருவன் மாமனாருக்காக வைத்த தயக்கம்.
ஒவ்வொரு கேனுக்கும் அது வந்தது,
பத்தொன்பது முறை.

மதியம் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்:
தராசு வருகிறது. குளிர்காலை என்றால்
இரண்டாம் முறை செருகினால்தான்.
காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக்
கேள்விக்குறி போட்டேன்.