பற்று

அசலபோத சுவாமிகள்
பள்ளத்தூரில் மூன்று நாள் பேசாதிருந்தார்.
அந்த மூன்று நாளைப் பற்றி
இதுவரை வந்தவை பதினேழு புத்தகங்கள்.
பதினெட்டாவது என்னுடையது. அச்சேறவில்லை.
தலைப்பின் நடுவே ஒரு முக்காற்புள்ளி,
அதற்கு இருபுறமும் வடசொல்.

விழிப்பு, கனவு, உறக்கம் என்று
நாளுக்கொன்றாகப் பிரித்தார் ஒருவர்.
நான்காம் நாள் காலை சாமி கேட்ட மோரை
எங்கே வைப்பீர் என்று
மறுப்பு எழுதினார் இன்னொருவர்.
இருவரும் சாகும்வரை
ஒரே பேருந்தில் ஏறியதில்லை.
ஜெர்மன்காரி ஒருத்தி முந்நூறு பக்கத்தில்
வெள்ளைக்காரக் கலெக்டருக்கு அவர் தந்த பதில் அது என்றாள்.
நான் அவளை அடிக்குறிப்பில் மறுத்தேன்,
கொஞ்சம் அநியாயமாக.

இந்தச் சித்திரையில்
சாமி தங்கிய வீட்டை விற்கிறார்கள்.
பங்காளிகள் பதினொரு பேர். கையெழுத்து ஒன்பது.
ஈப்போவிலிருந்து வரவேண்டியது இரண்டு.
நிலைக்கதவுக்கு விலை பேச வந்தவன்
அளவுநாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.
"காகிதமெல்லாம் நீங்க எடுத்துக்கலாம்,
ரெண்டு மணிக்கு நான் பேங்குக்குப் போகணும்"
என்றாள் உண்ணாமலை,
சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி.

இரண்டாங்கட்டில் ஒரு பெட்டகம்.
உள்ளே வீட்டுச் செலவுப் பேரேடு.
முதல் நாற்பது பக்கத்தைக்
கரையான் எனக்கு முன்பே வாசித்து முடித்திருந்தது.

உ
சிவமயம்
நள வருஷம், மாசி.
சாமியார் வகையில் பற்று.
திங்கள்: கிராம்புத் தைலம், அணா ஒன்று.
செவ்வாய்: மேற்படி தைலம், அணா ஒன்று.
கஞ்சிக்கு நொய், அரையணா.
புதன்: குறட்டுக்காரன் வந்துபோன கூலி, அணா நான்கு.
பழந்துணி ஒரு முழம், வீட்டில் இருந்தது.
வியாழன்: மோர். வீட்டுப் பசு.

கடைவாய்ப்பல்.

சிரித்தேன்.
அளவுநாடாக்காரன் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.
அப்புறம்தான்
என் பதினாறு வருஷமும்
தாடைக்குள் விண்ணென்று தெறித்தது.

பக்கத்தின் அடியில் ஒப்பம்:
அடுத்தாள் வயிரவன்.
மௌனத்துக்கு என்ன விலை போடுவதென்று
அவனுக்குத் தெரியவில்லை. தைலத்துக்குத் தெரிந்தது.
பற்றறுத்தவர் பெயரில்
ஆறரை அணாப் பற்று எழுதி,
எதிரே வரவில் ஒரு கோடு இழுத்துவிட்டு
மாட்டுத் தவிட்டுக் கணக்குக்குப் போய்விட்டான்.
அன்று முதல் வட்டி ஓடுகிறது.
நாங்கள் கட்டிவருகிறோம், காகிதமாக.
அசலை ஒருவரும் பார்த்ததில்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமைதான்,
மோர் குடித்த கையோடு,
அவர் அதைச் சொன்னார். பதினேழு நூலிலும் உண்டு:
"வலிக்கிறது என்று எது அறிகிறதோ
அதற்கு வலிப்பதில்லை."
பிறவித் துன்பத்துக்கு உவமை
என்று பதவுரை எழுதினோம்.
நான் வகுப்பில் அப்படித்தான் நடத்தினேன்,
கரும்பலகையில் அம்புக்குறி போட்டு.

வாயில் பழந்துணியை அடக்கிக்கொண்டு
அதைச் சொல்லியிருக்கிறார் மனுஷன்.
வீங்கிய கன்னத்தோடு.
பாதிச் சொல் புரிந்திருக்காது யாருக்கும்.
சொன்னது மெய்யா?
மெய்யென்றால் செவ்வாயன்று
இரண்டாவது தைலம் எதற்கு?
பேரேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.
அதற்கு அதில் பத்தி இல்லை.
என் நாக்கு, சொல்லாமலே,
என் பற்களை ஒவ்வொன்றாக
எண்ணிக்கொண்டிருந்தது.

"ஏதாச்சும் கெடச்சுதா?"
ஒன்றே முக்காலுக்கு உண்ணாமலை வந்து நின்றாள்.
"கணக்குத்தான். சாமி பேருல ஒரு பாக்கி."
"எவ்வளவு?"
"ஆறரை அணா."
"தள்ளுபடி பண்ணியாச்சுன்னு வச்சுக்கங்க."

அதை எழுத்தில் தரமுடியுமா என்று கேட்டேன்.